கதிரவனின் கனலும் கல்கத்தா ஆசிரியரும்

நவம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் கொல்கத்தாவில் மாலை ஐந்து மணி ஆவதற்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. ஹூக்ளி நதியின் படித்துறைகளில் விளக்குகள் ஏற்றப்பட்டு, பறவைகள் கூடு சேர்ந்து, நகரம் இரவுக்குத் தயாராகிவிடுகிறது. ஆனால் அதே வேளையில் பாரதத்தின் மேற்குக் கோடியான துவாரகையில் வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருக்கும். அங்கே அஸ்தமனம் ஆக ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இரண்டு ஊர்களிலும் கடிகாரம் காட்டும் நேரம் ஒன்றுதான், சூரியனும் ஒன்றுதான். ஓரிடத்தில் அது 'அணைந்துவிட்டது', மற்றோரிடத்தில் அணையவில்லை என்றால், உண்மையில் அது எங்கும் அணையவில்லை என்பதுதானே பொருள்!

இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பகல் ஏன் இரவாகிறது என்பது ஒன்று. என்றும் அணையாத அந்த நெருப்பு எதை உண்டு எரிகிறது என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு மனிதகுலம் ஒப்பீட்டளவில் விரைவாகவே விடை கண்டுவிட்டது. இரண்டாவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விடையை நோக்கிச் சென்ற பாதையின் முக்கியமான ஒரு வளைவு, கொல்கத்தாவின் ஒரு கல்லூரியில், பெரிய தொலைநோக்கி எதுவும் இல்லாத ஓர் இளம் விரிவுரையாளரின் மேசைமீது அமைந்தது.

சுழலும் நிலம்

படகில் செல்பவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கி ஓடுவதுபோல் தோன்றுகின்றன. கி.பி. 499-ஆம் ஆண்டைக் குறிப்பிட்டுத் தம் நூலை இயற்றிய ஆரியபட்டர், விண்மீன்கள் மேற்கு நோக்கி நகர்வதுபோல் காண்பதற்கு இதே உவமையைக் கூறினார். நகர்வது வானம் அன்று, பூமி. மேற்கிலிருந்து கிழக்காக அது தன்னைத்தானே சுற்றுகிறது. கொல்கத்தாவின் அட்சரேகையில் நிற்கும் ஒருவர், தாம் அசையாமல் நிற்பதாக எண்ணிக்கொண்டே, மணிக்கு ஏறத்தாழ 1,540 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிக் கொண்டுசெல்லப்படுகிறார். சூரியனுக்கு எதிர்ப்புறம் வந்து சேரும்போது அவர் நிற்பது பூமியின் நிழலில். அந்த நிழலுக்குத்தான் நாம் இரவு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பூமி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 24 மணி நேரம் ஆகிறது என்று பள்ளியில் படிக்கிறோம். நுணுக்கமாகப் பார்த்தால் 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான். அதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் சிறிது முன்னேறிவிடுவதால், சூரியனை மீண்டும் அதே இடத்தில் காண இன்னும் ஏறத்தாழ நான்கு நிமிடம் சுழல வேண்டியிருக்கிறது. இதனால்தான் ஒரு குறிப்பிட்ட விண்மீன் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாகவே உதிக்கிறது.

இரவும் பகலும் எங்கும் சமமாக இல்லாததற்குக் காரணம் பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதுதான். ஜூன் மாதக் கடைசியில் கொல்கத்தாவின் பகல் ஏறத்தாழ 13½ மணி நேரம் நீள்கிறது; டிசம்பரில் 10¾ மணி நேரமாகச் சுருங்குகிறது. பூமத்தியரேகைக்கு அருகிலுள்ள கன்னியாகுமரியில் இந்த ஏற்றத்தாழ்வு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். கடகரேகை கொல்கத்தாவுக்குச் சற்று வடக்கே, கிருஷ்ணநகர் அருகே செல்கிறது. ஆகவே ஜூன் தொடக்கத்தில் ஒருமுறையும் ஜூலை தொடக்கத்தில் ஒருமுறையும் கொல்கத்தாவில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது; அந்த நாட்களில் நட்டு வைத்த கோலுக்கு நிழலே விழாது. மழைமேகம் விலகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாரதம் முழுவதற்கும் பொதுவான நேரம் 1906-இல் வகுக்கப்பட்டது. ஆயினும் கொல்கத்தா 1948 வரை அதனினும் ஏறத்தாழ 23 நிமிடம் முந்திய 'கல்கத்தா நேரத்தை'யே பின்பற்றி வந்தது. அந்நகரத்தாரின் பிடிவாதம் என்று சிலர் நகைத்ததுண்டு. சூரியன் அவர்களுக்கு உண்மையாகவே 23 நிமிடம் முன்னதாக உச்சிக்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

எரியும் பொருள் எது?

சூரியன் முழுவதும் நிலக்கரியாக இருந்து, எரிய வேண்டிய காற்றும் கிடைத்திருந்தால், அது சில ஆயிரம் ஆண்டுகளில் சாம்பலாகியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் திகைத்தனர். பின்னர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கெல்வின் ஆகியோர் வேறொரு வழி கண்டனர். சூரியன் தன் எடையால் தானே மெல்லச் சுருங்குகிறது. சுருங்குவதால் வெப்பம் பிறக்கிறது. அழகான கருத்து; ஆனால் இதன்படியும் சூரியனின் ஆயுள் சில கோடி ஆண்டுகளுக்குமேல் நீளவில்லை. பாறைகளை ஆராய்ந்தவர்களோ பூமிக்கே அதைவிட மிக அதிக வயது வேண்டும் என்றனர். பூமி சூரியனைவிட மூத்ததாக இருக்க முடியுமா? இயற்பியலார் தம் கணக்கில் உறுதியாக நின்றனர். நிலவியலார் தம் பாறைகளில் உறுதியாக நின்றனர். இரு தரப்பிலும் நேர்மையான அறிஞர்கள் இருந்தனர் என்பதே அந்த விவாதத்தை அவ்வளவு கடினமாக்கியது.

சூரியன் எப்படி எரிகிறது என்று அறிய, அது எதனால் ஆனது என்று முதலில் தெரிய வேண்டும். ஒன்பது கோடி மைலுக்கு அப்பாலுள்ள பொருளை எடுத்துவந்து சோதிக்க முடியாது. அதன் ஒளியை மட்டுமே சோதிக்க முடியும். சூரிய ஒளியைப் பட்டகத்தில் செலுத்தி விரித்தால், வண்ணங்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான கருங்கோடுகள் தென்படுகின்றன. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கிறது என்று 1859-இல் கிர்க்காஃப் காட்டினார். 1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் பாரதத்தின் மீது விழுந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, குண்டூரில் முகாமிட்ட பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன் போன்றோர் கண்ட புதிய மஞ்சள் கோடு, பின்னாளில் ஹீலியம் என்ற தனிமத்தின் அடையாளமாகத் தெரியவந்தது.

கோடுகளைப் படித்துவிட்டால் சூரியனைப் படித்துவிட்டதாகாதா? இல்லை. அந்த எழுத்துகளுக்கு இலக்கணம் தெரியவில்லை. சூரியனில் கால்சியக் கோடுகளும் இரும்புக் கோடுகளும் அழுத்தமாக இருக்கின்றன. அப்படியானால் சூரியனில் அவையே மிகுதியா? பூமியில் கிடைக்கும் ருபீடியமும் சீசியமும் சூரியனில் காணப்படவில்லை. அப்படியானால் அவை அங்கே இல்லையா? கிரகணத்தின்போது சூரியனின் மெல்லிய மேலுறையான நிறமண்டலத்தின் உச்சியில், ஆய்வுக்கூடத்தில் மின்பொறியின் கடுமையில் மட்டுமே வலுப்படும் கோடுகள் தெரிந்தன. மேலே போகப் போக வெப்பம் குறைய வேண்டும் என்றல்லவா எல்லோரும் எண்ணியிருந்தனர்! இந்த முடிச்சை அவிழ்த்தவர் மேகநாத் சாஹா.

மேகநாத் சாஹா

டாக்கா மாவட்டத்தின் சியோராதலி என்னும் கிராமத்தில் 1893 அக்டோபர் 6-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஜகன்னாத் சாஹா சிறு கடை வைத்துப் பிழைத்தவர். எட்டுக் குழந்தைகளில் மேகநாத் ஐந்தாமவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்று, அவரும் கடையில் அமர்ந்திருக்க வேண்டியவர்தான். அருகிலிருந்த ஊரில் அனந்த குமார் தாஸ் என்ற மருத்துவர் தம் வீட்டில் தங்க இடமும் உணவும் கொடுத்ததால் மேற்கொண்டு படிக்க முடிந்தது. உதவித்தொகை பெற்று டாக்காவின் பள்ளியொன்றில் சேர்ந்தார். 1905-இல் வங்கம் பிரிக்கப்பட்ட கொந்தளிப்பில், ஆளுநர் புல்லர் வருகையைப் புறக்கணித்த மாணவர்களுள் அவரும் ஒருவர் என்று பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார், உதவித்தொகையும் போயிற்று. வேறொரு பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது.

1911-இல் கொல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர்களாக ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் வாய்த்தனர். உடன் படித்தவர் சத்யேந்திர நாத் போஸ். தேர்வுகளில் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம். 1913-இலும் அப்படியே, 1915-இலும் அப்படியே. விடுதியில் தங்கியிருந்தபோது, அவருடைய சாதியைக் காரணம் காட்டி அவரோடு சேர்ந்து உணவருந்தச் சில மாணவர்கள் மறுத்தனர். ஒளியின் இயல்பைப் பற்றி உயர்ந்த பாடங்களைக் கேட்டுவிட்டு வந்த இளைஞர்கள் சாப்பாட்டுப் பந்தியில் இப்படி நடந்துகொண்டனர். சாஹா அதை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1916-இல் துணைவேந்தராக இருந்து பணி முடித்திருந்த ஆசுதோஷ் முகர்ஜி, தாம் தொடங்கிய அறிவியல் கல்லூரியில் சாஹாவையும் போஸையும் விரிவுரையாளர்களாக அமர்த்தினார். உலகப் போர் நடந்த காலம். கருவிகளும் கிடையாது, வெளிநாட்டு இதழ்களும் ஒழுங்காக வருவதில்லை. வெப்ப இயக்கவியலையும் நிறமாலையியலையும் தாமே படித்து, படித்த சூட்டோடு மாணவர்க்குக் கற்பித்தார் சாஹா. ஜெர்மன் மொழி அறிந்திருந்ததால் அம்மொழியில் வந்த கட்டுரைகளைப் படிக்க முடிந்தது. சார்பியல் குறித்த ஐன்ஸ்டீனின் கட்டுரைகளை அவரும் போஸும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டதும் இக்காலத்தில்தான். விண்மீன்களின் உட்புறம் பற்றி 1919-இல் எகர்ட் என்பவர் எழுதிய ஜெர்மன் கட்டுரையொன்று அவர் கைக்கு வந்தபோது, அதில் ஒரு குறையும் ஒரு வழியும் ஒருங்கே அவருக்குத் தெரிந்தன.

அவர் கண்டதை ஓர் எளிய உவமையால் விளக்கலாம். கொல்கத்தாவில் ஆடி, ஆவணி மாதங்களில் துணி உலர்த்திப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெப்பம் போதுமான அளவு இருக்கும். ஆனால் துணி நாள் முழுதும் ஈரமாகவே தொங்கும். துணியிலிருந்து நீர் ஆவியாகிப் போவது உண்மைதான். ஆனால் காற்றில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஈரம் அதே வேகத்தில் துணிக்குத் திரும்பிவிடுகிறது. மார்கழியின் வறண்ட காற்றிலோ, வெப்பம் குறைவாக இருந்தும், துணி விரைவில் காய்ந்துவிடுகிறது. போன ஈரம் திரும்பி வருவதில்லை.

அணுவுக்கும் எலக்ட்ரானுக்கும் உள்ள உறவும் இப்படிப்பட்டதே. வெப்பம் மிகும்போது அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரான் பிரிந்து போகிறது, எஞ்சியது அயனி. சுற்றிலும் நெருக்கமாக எலக்ட்ரான்கள் இருந்தால், அயனி வேறொன்றை உடனே பிடித்துக்கொண்டு மீண்டும் முழு அணுவாகிவிடும். வாயு மெல்லியதாக இருந்தால், பிரிந்தது பிரிந்ததுதான். ஆகவே அயனியாதலுக்கு வெப்பம் மட்டும் காரணமன்று. அழுத்தம் குறைவதும் காரணம். எந்தத் தனிமத்திலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது மூன்றாவது காரணம். எகர்ட் இந்த மூன்றாவது அளவை ஊகித்துக்கொண்டார். சாஹா ஆய்வுக்கூடங்களில் அளக்கப்பட்ட மதிப்புகளையே கணக்கில் சேர்த்தார். இம்மூன்றையும் இணைத்து அவர் அமைத்ததே 'சாஹா சமன்பாடு'. சூரிய நிறமண்டலத்தின் அயனியாதல் பற்றிய அவருடைய கட்டுரை 1920 அக்டோபரில் லண்டன் இதழொன்றில் வெளிவந்தது.

முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. நிறமண்டலத்தின் உச்சியில் அயனிகளின் கோடுகள் தெரிவது அங்கே வெப்பம் அதிகம் என்பதால் அன்று. அழுத்தம் மிகக் குறைவு என்பதால் என்று அவர் விளக்கினார். ருபீடியமும் சீசியமும் சூரியனில் இல்லாமல் இல்லை. மிக எளிதில் எலக்ட்ரானை இழக்கும் அவை, சூரியனின் வெப்பத்தில் அயனிகளாகிவிட்டதால் தம் வழக்கமான கோடுகளைக் காட்டவில்லை. சூரியப் புள்ளிகள் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்தவை. ஆகவே அங்கே அவற்றைத் தேடினால் தென்படலாம் என்றார் சாஹா. அமெரிக்காவில் ரஸ்ஸல் தேடினார். 1922-இல் சூரியப் புள்ளியில் ருபீடியம் கிடைத்தது. சூரியனைக் காணாமலே சூரியனில் எதை எங்கே தேட வேண்டும் என்று கொல்கத்தாவிலிருந்து ஒருவர் சொல்லியிருந்தார்!

ஹைட்ரஜன் என்னும் விறகு

இனி அந்த இலக்கணத்தைக் கொண்டு முழு நூலையும் வாசிக்கும் பணி. அதை ஹார்வர்டில் செய்தவர் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண். சாஹா சமன்பாட்டைப் பயன்படுத்தி விண்மீன்களின் கோடுகளை ஆராய்ந்த அவர், 1925-இல் தம் ஆய்வேட்டில் வியப்பான முடிவுக்கு வந்தார். கோடுகள் அழுத்தமாக இருப்பதற்கும் பொருள் மிகுதியாக இருப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனே; உலோகங்கள் அதன் முன்னே சொற்பம். அக்காலத்தில் யாரும் இதை நம்பத் தயாராக இல்லை. ரஸ்ஸலே இது நடக்கக்கூடியதன்று என்று எழுதியதால், ஹைட்ரஜனின் அந்த மிகுதி பெரும்பாலும் உண்மையாக இராது என்று தம் ஆய்வேட்டிலேயே பெய்ன் குறிப்பிட நேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1929-இல், வேறு வழிகளில் ஆராய்ந்த ரஸ்ஸல் அதே முடிவுக்கு வந்து, பெய்னின் பணியையும் சுட்டிக்காட்டினார். இன்றைய கணக்கின்படி சூரியனின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன். எஞ்சியதில் பெரும்பகுதி ஹீலியம்.

சாஹாவின் கட்டுரை வெளிவந்த அதே 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பிரிட்டிஷ் விஞ்ஞானி எடிங்டன் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கரு உருவாகுமானால், சேர்ந்த பொருளின் எடை சேருவதற்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 0.7 சதவீதம் குறைவு. அந்தச் சிறு பங்கு எங்கே போயிற்று? ஆற்றலாக மாறிற்று. சூரியனில் ஹைட்ரஜன் போதிய அளவு இருந்தால் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு விறகு உண்டு. போதிய அளவு இருக்கிறதா என்பதுதான் அன்று தெரியாமல் இருந்தது. அதைத்தான் பெய்ன் காட்டினார். இணைவு எந்தப் படிகளில் நிகழ்கிறது என்பதை 1938, 1939-ஆம் ஆண்டுகளில் ஹான்ஸ் பெத்தே விளக்கி, அதற்காக 1967-இல் நோபல் பரிசு பெற்றார்.

சூரியனின் மையத்தில் வெப்பம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பாகை. அங்கே முதலில் இரண்டு புரோட்டான்கள் இணைந்து, அவற்றில் ஒன்று நியூட்ரானாக மாற, கன ஹைட்ரஜனின் கரு உண்டாகிறது. அதனோடு இன்னொரு புரோட்டான் சேர்ந்து இலகு ஹீலியம் பிறக்கிறது. அத்தகைய இரு கருக்கள் மோதி, வழக்கமான ஹீலியத்தைத் தந்து, இரண்டு புரோட்டான்களை விடுவிக்கின்றன. ஒவ்வொரு விநாடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இவ்வாறு ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கும் மேல் ஆற்றலாகி வெளியேறுகிறது.

இவ்வளவு பெரிய எண்களைக் கேட்டதும் அங்கே ஓயாது குண்டுகள் வெடிப்பதாக மனம் கற்பனை செய்கிறது. உண்மை நேர் மாறானது. முதற்படியான இரு புரோட்டான்களின் இணைவு மிக மிக அரிதாகவே நிகழ்கிறது. ஒரு புரோட்டான் தன் முறைக்காகச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. எடைக்கு எடை ஒப்பிட்டால், சூரியன் வெளியிடும் ஆற்றலைவிட ஓய்ந்து அமர்ந்திருக்கும் மனித உடல் வெளியிடும் வெப்பம் பல ஆயிரம் மடங்கு அதிகம்! சூரியன் பேராற்றல் மிக்கதாக இருப்பது அதன் பேருருவால். நீண்ட ஆயுள் பெற்றிருப்பது அதன் நிதானத்தால். மையம் சற்றே அதிகமாகச் சூடேறினால் அது விரிந்து குளிர்கிறது. குளிர்ந்தால் சுருங்கிச் சூடேறுகிறது. தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் அடுப்பு அது. சுமார் 460 கோடி ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்கு எரிபொருள் இருக்கிறது. நிலவியலாரின் பாறைகள் சொன்னதே சரியாயிற்று.

மையத்தில் பிறந்த ஆற்றல் அணுக்களில் மோதி மோதித் திசை மாறி மேற்பரப்புக்கு வந்து சேரப் பல்லாயிரம் ஆண்டுகள், ஒருவேளை லட்சம் ஆண்டுகளுக்கு மேலும் ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். மேற்பரப்பிலிருந்து நம்மை அடையவோ எட்டு நிமிடம் இருபது விநாடிதான். கொல்கத்தாவின் மாலை வெயில் அவ்வளவு பழையது.

இரவிலும் வரும் கதிர்கள்

மையத்தில் நிகழும் இணைவின்போது ஒளியோடு நியூட்ரினோ என்னும் நுண்துகளும் பிறக்கிறது. அது எதிலும் தங்குவதில்லை. சூரியனின் உடலைக் கடக்க அதற்குச் சில விநாடிகள் போதும். பூமியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் விநாடிக்கு 6,000 கோடிக்கும் மேற்பட்ட சூரிய நியூட்ரினோக்கள் ஊடுருவிச் செல்கின்றன. பகலில் அவை நம் தலைமீது பொழிகின்றன. இரவிலோ, பூமியின் முழுப் பருமனையும் துளைத்துக்கொண்டு, நம் காலடியிலிருந்து மேல் நோக்கி வருகின்றன. நிழல் என்பது ஒளிக்குத்தான். நியூட்ரினோவுக்கு இரவு கிடையாது. ஜப்பானில் சுரங்கத்தினுள் அமைந்த சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம் இத்துகள்களைக் கொண்டே சூரியனைப் 'படம்' பிடித்தது. இத்தாலியின் போரெக்ஸினோ ஆய்வகம், முதற்படி இணைவில் பிறக்கும் நியூட்ரினோக்களையே இனங்கண்டதாக 2014-இல் அறிவித்தது. எடிங்டனின் ஊகம் கண்கூடான சாட்சியம் பெற்றுவிட்டது.

பஞ்சாங்கமும் சாஹாவும்

சாஹா 1923 முதல் 1938 வரை அலகாபாத்தில் பணியாற்றிவிட்டுக் கொல்கத்தா திரும்பினார். அங்கே அவர் உருவாக்கிய அணுக்கரு இயற்பியல் நிலையத்தை 1950-இல் ஐரீன் ஜோலியோ கியூரி திறந்துவைத்தார். இன்று அது சாஹாவின் பெயரையே தாங்கியிருக்கிறது. 1952-இல் கொல்கத்தாவிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர்.

சூரியனின் உடலை ஆராய்ந்தவர் இப்போது சூரியனின் நடையை ஆராய்ந்தார். நாட்டில் வழங்கிய பஞ்சாங்கங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பருவங்களை ஆளும் ஆண்டின் நீளம் 365.2422 நாட்கள். பழைய சித்தாந்தங்கள் கொண்ட ஆண்டு இதைவிட ஏறத்தாழ 24 நிமிடம் நீளமானது. ஆண்டுக்கு 24 நிமிடம் என்பது அற்பமாகத் தோன்றும். 60 ஆண்டில் ஒரு நாள் ஆகிவிடும். இவ்வாறு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளில் 23 நாட்கள் பிசகிவிட்டன. சூரியன் உண்மையாகவே வடக்கே திரும்புவது டிசம்பர் 22-ஐ ஒட்டி. நாம் உத்தராயணப் பிறப்பாகக் கொண்டாடும் மகர சங்கராந்தி வருவது ஜனவரி 14-ஐ ஒட்டி. விதைப்பும் அறுவடையும் பருவத்தைச் சார்ந்தவை; இப்பிசகைத் தொடரவிட்டால் பண்டிகைகள் தம் பருவங்களை விட்டு மேலும் மேலும் விலகிவிடும் என்பது சாஹாவின் கவலை. மரபை மதிப்பவர்களுக்கோ, முன்னோர் வகுத்த நாளை ஒரு குழு மாற்றுவதா என்ற மனத்தாங்கல். இரண்டும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. குழு 1955-இல் அளித்த அறிக்கை நடுவழியை நாடியது. பண்டிகைகளைத் திடீரென்று 23 நாள் முன்னே தள்ளாமல், பிசகு இனி வளராதபடி நிறுத்தப் பரிந்துரைத்தது. பொது வழக்குக்கென, மார்ச் 22-இல், நெட்டாண்டானால் 21-இல், சைத்ர மாதம் பிறக்கும் தேசிய நாட்காட்டியை வகுத்தது.

1956 பிப்ரவரி 16-ஆம் நாள் தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் சாஹா மயங்கி விழுந்து இயற்கை எய்தினார். தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22-இல் நடைமுறைக்கு வந்தது. அரசு இதழிலும் வானொலி அறிவிப்பிலும் அது இடம்பெற்றது. பொங்கல் வைக்கும் நாளோ மாறவில்லை.

குழுவின் பரிந்துரைப்படி உருவான ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் கொல்கத்தாவிலுள்ள நிலைசார் வானியல் மையத்தில் கணிக்கப்பட்டுத் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியிடப்பட்டு வருகிறது. கணிப்புக்கு மைய இடமாகக் கொண்டது கிழக்குத் தீர்க்கரேகை 82 பாகை 30 கலையையும் வடக்கு அட்சரேகை 23 பாகை 11 கலையையும். தம் ஊருக்கான உச்சிவேளையை அறிய விரும்பும் வாசகர், இந்தத் தீர்க்கரேகைக்குத் தம் ஊர் எத்தனை பாகை கிழக்கே அல்லது மேற்கே உள்ளது என்று பார்த்து, பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் கழிக்கவோ கூட்டவோ வேண்டும். சென்னைக்கு ஏறத்தாழ 9 நிமிடம் கூட்ட வேண்டும். கொல்கத்தாவுக்கு 23 நிமிடம் கழிக்க வேண்டும். உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இது மட்டும் போதாது. அட்சரேகைக்கு ஏற்பப் பகலின் நீளம் மாறுவதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.